முதலில் மீறும் வயல்

மே 19, திங்கள்

பெங்களூரு வந்து சேர்ந்தேன். பதிவு செய்யும் இடத்தில் ஒரு துணிப்பை, ஓர் அடையாள அட்டை, ஒரு நீல நோட்டு கொடுத்தார்கள். அன்றன்று செய்த வேலையை நீல நோட்டில் எழுதி வாரம் ஒரு முறை வழிகாட்டியிடம் காட்ட வேண்டுமாம். இந்த நோட்டு நான் நாமக்கல்லில் வாங்கி வந்தது. இதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

எட்டு வாரக் கோடைக்கால ஆய்வுத் திட்டம். பல மாநிலங்களிலிருந்து, இளங்கலை படிக்கும் நாற்பது பேர். அதில் கணிதத்துக்கு ஆறு பேர். அரசுக் கல்லூரிகளுக்குத் தனி ஒதுக்கீடு, ஒரு கல்லூரிக்கு ஒருவர்தான். எங்கள் கல்லூரியிலிருந்து இதுவரை யாரும் வந்ததில்லை. ‘முதல் மாணவி யமுனா’ என்று என் படம் போட்டு கேட்டில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து வேலைச் சட்டையோடு போய் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

என் வகுப்புத் தோழி வெண்ணிலாவும் விண்ணப்பித்திருக்க வேண்டியவள். கடைசி நாளில் சர்வர் படுத்துவிட்டது. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

மே 20, செவ்வாய்

அறையில் என்னோடு மௌமிதா, கல்கத்தாக்காரி. வந்த அன்றே மூன்று புத்தகங்களை மேஜையில் அடுக்கிவிட்டாள். சாம்பார் இனிக்கிறது. துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போக வேண்டும்.

மே 21, புதன்

என் வழிகாட்டி அனிதா குரியன் மேடம். கோட்டயத்துக்காரர். சென்னையில் படித்தவர் என்பதால் தமிழ் பேசுகிறார், கொஞ்சம் மலையாள இழுப்போடு. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறார்.

என் விண்ணப்பத்தை அச்செடுத்து வைத்திருந்தார். நோக்கக் கட்டுரையில் ஒரு பத்தியை மஞ்சள் பேனாவால் பூசியிருந்தார். அதை எனக்கே வாசித்துக் காட்டினார். ஆங்கிலத்தில்தான். தமிழில் இப்படி வரும்:

‘எங்கள் ஊரில் மலைச்சரிவில் படிப்படியாக வயல்கள். ஒரு வயலில் தண்ணீர் அளவுக்கு மேல் நிறைந்தால் மடையைத் திறந்து அடுத்துள்ள வயல்களுக்கு ஒரே அளவாக விடுவோம். அதனால் இன்னொன்று நிறையும், அதையும் திறப்போம். எதை முதலில் திறப்பது என்று ஊரில் தினமும் சண்டை. எந்த வரிசையில் திறந்தாலும் கடைசியில் ஒவ்வொரு வயலிலும் நிற்கும் தண்ணீர் ஒன்றேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஏன் அப்படி என்றுதான் தெரியவில்லை.’

இந்தக் கேள்வியைச் சுற்றி ஒரு பெரிய துறையே இருக்கிறது, அது தெரியாமல் வயலிலிருந்து நேராக இதற்கு வந்திருக்கிறாய், நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் இந்த ஒரு பத்திக்காகத்தான் உன்னை எடுத்தேன் என்றார். புத்தகம் பார்க்கக் கூடாது, ‘ஏன்’ என்பதை நீயே நிரூபி என்றார்.

உங்கள் ஊர் எந்த மலை என்று கேட்டார். கொல்லிமலை என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீடு நாமக்கல்லில், பட்டறைக்குப் பின்னால். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் மலையடிவாரம். பெரிய பொய் ஒன்றும் இல்லை.

மே 24, சனி

வயல் விஷயம் நானும் வெண்ணிலாவும் வகுப்பில் பேசிப் பேசி வளர்த்ததுதான். யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவள் மூன்று வருடமாக என் பக்கத்தில் உட்காருகிறவள்.

இரண்டு வருடம். மூன்றாவது இனிமேல்தான்.

மே 27, செவ்வாய்

நூலகத்தில் காலையிலிருந்து மாலை வரை. எட்டு கட்டம் வரைந்து எண் போட்டு, எந்த வரிசையில் திறந்தாலும் அதே விடை வருகிறது. வருகிறது என்று தெரிகிறது. ஏன் என்பதற்கு ஒரு வரி எழுத முடியவில்லை. மௌமிதா தன் கணக்கில் பாதி தாண்டிவிட்டாள். அவள் படிக்கும் கல்லூரியில் முதல் வருடத்திலிருந்தே தனி வகுப்பு, தனி ஆசிரியர், விடுமுறையில் ஆய்வு முகாம். இங்கிருக்கிற பாதிப் பேர் அப்படித்தான். எங்களுக்குத் துறையில் ஒரே கம்ப்யூட்டர், அதுவும் துறைத்தலைவர் தமயந்தி மேடம் மேஜையில்.

அப்பா கூப்பிட்டார். அங்க குளுருதா கண்ணு, போர்வை வாங்கிக்க என்றார். பட்டறையில் கட்டி முடித்த வண்டிக்குப் பூசை போட்டார்களாம். முதலாளி என்னைப் பற்றி விசாரித்தாராம்.

மே 30, வெள்ளி

முதல் நீல நோட்டு சந்திப்பு. மூன்று பக்கம் கட்டம் மட்டும் காட்டினேன். குரியன் மேடம் பொறுமையாகப் பார்த்தார். விண்ணப்பத்தில் இருக்கும் பெண் இந்த நோட்டில் இல்லையே என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜூன் 3, செவ்வாய்

வேறு வழி தெரியாமல் வெண்ணிலாவைக் கூப்பிட்டேன். அவள் வீட்டில் சிக்னல் கிடையாது. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைக்கு ஏறி வந்தால்தான் பேச முடியும். ஆறரைக்கு வா என்று முந்தின நாளே குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன், வெளியே எங்காவது சிக்னல் பட்டால் பார்ப்பாள் என்று.

வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. அவளுடைய அப்பா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாராம். பிப்ரவரியில் மிளகு பறிக்க ஏறியவர் கொடி படர்ந்த சவுக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதனால்தான் அவள் கல்லூரிக்கு வர முடியாமல் மலையிலேயே இருந்தாள், விண்ணப்பத்தை என் கையில் விட்டாள்.

எனக்கு இங்கே ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். வயல் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் புளியங்கொட்டை, அளவுக்கு மேல் சேர்ந்தவள் பக்கத்திலிருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று மாற்றிச் சொன்னேன்.

தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“யமுனா, இது என் வயல் கணக்கு புள்ள.”

ஆமாம், அதே மாதிரிதான் இருக்கிறது என்றேன்.

“அப்போ அவ்ளோ பெரிய எடத்துல இருக்கறவங்களும் இதையேதான் கேக்கறாங்களா? நான் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லயா?”

இல்லை என்றேன். அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. இரண்டு நாள் கொடு, யோசிக்கிறேன் என்றாள்.

ஜூன் 4, புதன்

பிப்ரவரியில் தன் விண்ணப்பக் கட்டுரையைத் தமிழில் கையால் எழுதி இரண்டு பக்கம் அனுப்பியிருந்தாள். அதை ஆங்கிலத்தில் மாற்றித் தட்டச்சு செய்து அவள் பெயரில் அனுப்புவது என் வேலை. ஆங்கிலம் அவளுக்கு வராது, வகுப்பில் யார் எதை ஆங்கிலத்தில் கேட்டாலும் என் முகத்தைத்தான் பார்ப்பாள். தட்டச்சும் செய்தேன். அது துறைக் கம்ப்யூட்டரில் இப்போதும் இருக்கிறது. கடைசி நாளன்று ஐந்து மணிக்கு சர்வர் படுத்தது. என்னுடையது நாலு பத்துக்கே போய்விட்டது.

ஜூன் 6, வெள்ளி

காலை ஆறரை. பாறையிலிருந்து கூப்பிட்டாள். தூறல் என்றாள், தலையில் சாக்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம்.

“வயல்னே வெச்சுக்கறேன், எனக்கு அதான் வசதி. ரெண்டு பேர் ரெண்டு வரிசையில மடை தெறக்கறாங்க. முதல் ஆள் முடிச்சிட்டான், இனி தெறக்கறதுக்கு அவன்கிட்ட ஒண்ணும் இல்ல. ரெண்டாவது ஆள் ஏதாவது ஒரு வயல அவனவிட ஒரு தடவ அதிகமாத் தெறந்துட்டான்னு வை. அப்படி முதல்ல மீறுற வயலப் புடி. அந்த நிமிசம் வரைக்கும் வேற எந்த வயலும் மீறல. அப்போ அதுக்கு வந்து சேந்த தண்ணி முதல் ஆள்கிட்ட வந்ததவிட அதிகமா இருக்க முடியாது. அவன்கிட்டயே தெறக்க முடியாத வயல் இவன்கிட்ட எப்படித் தெறக்கும்?”

மூன்று தடவை சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது. புரிந்ததும் இதைப் போய் இரண்டு வாரமாகத் தேடினேனா என்று இருந்தது. அவ்வளவு எளிது. என்னால் வந்திருக்காது.

மதியம் குரியன் மேடத்திடம் எழுதிக் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்து கரும்பலகையில் தானும் ஒரு தடவை எழுதிப் பார்த்தார். ‘முதலில் மீறும் வயல்’ என்பதைத் தமிழிலேயே ஒரு மூலையில் எழுதச் சொன்னார். அழிக்க வேண்டாம் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்தார்.

ஜூன் 9, திங்கள்

அடுத்த கேள்வி கொடுத்தார். மடையை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மண் கொஞ்சம் கரைகிறது. அடுத்த தடவை அந்த வயல் முன்பைவிடக் குறைந்த தண்ணீரிலேயே திறந்துகொள்ளும். அப்போதும் வரிசை பொருட்டில்லையா? இது கொஞ்சம் கடினம், இரண்டு வாரம் எடுத்துக்கொள் என்றார்.

இதுவும் பாறைக்குத்தான் போகும்.

ஜூன் 12, வியாழன்

அவளுக்கு இரண்டு வாரம் தேவைப்படவில்லை. அதே வாதம்தான் புள்ள, மடை கரையறது அந்த வயலோட சொந்தக் கணக்கு, எத்தனை தடவ தெறந்தோம்ங்கறது ரெண்டு ஆள்கிட்டயும் ஒண்ணுதானே என்றாள். பிறகு அவளே ஒரு புதுக் கேள்வி கேட்டாள். பக்கத்து வயல்காரன் மடை திறந்ததைப் பார்த்து நான் என் வரப்பை உயர்த்திக்கொண்டால்? அப்போது வரிசை மாறினால் விடையும் மாறும் என்று அவளுக்குப் படுகிறதாம். நாற்று நடவுக்கு ஆள் குறைவு, இனி தினமும் பாறைக்கு வர முடியாது என்றாள்.

உனக்கு அங்கே எல்லாம் நல்லபடியா இருக்கா என்று கேட்டாள். நல்லபடியாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

மண் கரையும் மடையும் பக்கத்து வயல்காரனின் வரப்பும் மேடத்தின் மேஜைக்குப் போய்விட்டன, இரண்டும் என் கையெழுத்தில். குரியன் மேடம் என்னை நூலகத்துக்குப் பக்கத்திலிருக்கும் கேன்டீனுக்கு அழைத்துப்போய்க் காபி வாங்கித் தந்தார். இங்கே இன்னொரு திட்டம் இருக்கிறதாம். இளங்கலை முடியும்வரை ஒவ்வொரு விடுமுறையிலும் இங்கே வந்து தங்கிப் படிக்கலாம், பிறகு நேராக ஆராய்ச்சிப் படிப்பில் இடம். வருடத்துக்கு நாலு பேர்தான். என் பெயரை எழுதப் போகிறார். கடைசி நாள் கருத்தரங்கில் நான்தான் முதலில் பேச வேண்டும்.

காபி ஆறிப்போனது.

ஜூன் 14, சனி

சொல்லலாம் என்று நினைத்து மேடத்தின் அறை வரைக்கும் போனேன். பூட்டியிருந்தது. சனிக்கிழமை என்பது எனக்குத் தெரியும்.

ஜூன் 18, புதன்

அப்பாவிடம் கருத்தரங்கு பற்றித் தெரியாமல் வாயை விட்டுவிட்டேன். நானும் வர்றேன் கண்ணு, ஒரு நாள் லீவு சொல்லிக்கறேன் என்றார். இங்கிலீஷில் பேசுவார்கள், உங்களுக்குப் புரியாது என்றேன். உன் குரலு புரியாதா எனக்கு என்றார்.

ஜூன் 23, திங்கள்

முடிந்தது.

குரியன் மேடம் எங்கள் துறைத்தலைவர் தமயந்தி மேடத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். இப்படியொரு மாணவியை அனுப்பியதற்கு நன்றி என்று. கூடவே என் நோக்கக் கட்டுரையையும் இணைத்து, மற்ற மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று எழுதியிருக்கிறார். தமயந்தி மேடம் அதைத் தமிழாக்கம் செய்து, பெருமையாக, காலை பதினொன்றுக்கு வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். ஐம்பத்திரண்டு பேர் இருக்கும் குழு. கைதட்டும் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

நான்கு மணிக்கு வெண்ணிலாவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு வரி.

“சர்வர் படுத்திருச்சுன்னு சொன்னியே.”

ஜூன் 24, செவ்வாய்

பதினாறு தடவை கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஜூன் 25, புதன்

குழுவில் அவள் எதுவும் எழுதவில்லை. தமயந்தி மேடத்திடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும். அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று நினைக்கிறேன். நான் வாயைத் திறக்காவிட்டால் எதுவும் நடக்காது. கருத்தரங்கு நடக்கும், அந்த நாலு பேரில் நானும் இருப்பேன்.

இதை எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். கிழிக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

காய்ச்சல். மௌமிதா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள், கேன்டீன்காரரிடம் எப்படிக் கேட்டு வாங்கினாளோ. நெற்றியில் கை வைத்துப் பார்த்து, இது கணக்கினால் வந்த காய்ச்சல், எனக்கும் வரும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அழுதேன். வீட்டு நினைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் 30, திங்கள்

பக்கத்து வயல்காரன் வரப்பை உயர்த்துகிற கணக்கை மேடம் கேட்கிறார். எப்போது வரிசை பொருட்டாகும், எப்போது ஆகாது என்று ஒரு எல்லை கண்டுபிடிக்க வேண்டும். ஏழு நாளாக ஒரு வரி இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கரும்பலகையில் அந்த மூன்று தமிழ்ச் சொற்கள் இன்னும் இருக்கின்றன.

ஜூலை 2, புதன்

நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி பதினான்கு. தமயந்தி மேடம் அறையில் நான் மட்டும். அன்று மாலை ஐந்து மணி கடைசி. என் கட்டுரை ஒன்றரைப் பத்திதான் இருந்தது: சிறு வயதிலிருந்தே கணிதம் பிடிக்கும், நாட்டுக்குச் சேவை செய்ய ஆசை. திரையில் பக்கத்து ஜன்னலில் அவளுடைய கட்டுரை. ஒரு கல்லூரிக்கு ஒருவர் என்பதை மேடம் அன்று காலைதான் சொன்னார். இரண்டையும் அனுப்பினால் யாரை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் செமஸ்டரிலிருந்தே தெரிந்த விஷயம். அவள் முதல், நான் இரண்டாவது. அவள் யோசிக்காமலே முதல்.

அவளுடைய பத்தியை எடுத்து என் கட்டுரையில் ஒட்டினேன். எப்படி இருக்கும் என்று சும்மா பார்க்கத்தான் ஒட்டினேன். நன்றாக இருந்தது. நாலு பத்துக்கு அனுப்பினேன். அதன் பிறகு அவளுடைய விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, அவளுடைய பெயரைத் தட்டச்சு செய்து, ஐம்பது நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்குப் பக்கம் தானாக மூடிக்கொண்டது.

சர்வர் படுக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

குரியன் மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அந்தப் பத்தி என்னுடையது இல்லை, நிரூபணங்களும் என்னுடையவை இல்லை, எல்லாம் வெண்ணிலா என்கிற என் வகுப்புத் தோழியுடையவை, அவள் விண்ணப்பத்தை நான்தான் அனுப்பாமல் விட்டேன் என்றேன். நாலு வாக்கியம். மூன்று வாரமாக மனத்துக்குள் சொல்லிப் பழகியது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ சைக்கிளைத் தள்ளி நிறுத்தும் சத்தம் கேட்டது.

“அந்தக் குட்டிக்கு இதெல்லாம் தெரியுமோ?” என்று கேட்டார்.

அவளே கண்டுபிடித்துவிட்டாள் என்றேன்.

“அப்போ நீ எங்கிட்ட வந்தது பதினொரு நாள் கழிச்சு.”

நான் தேதி எதுவும் சொல்லவில்லை. தமயந்தி மேடம் வகுப்புக் குழுவில் போட்டதை அன்றே அவருக்கும் பெருமையாக எழுதியிருப்பார் போல, அதிலிருந்து கணக்குப் போட்டுவிட்டார். இதைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது, திட்டக் குழுவுக்கு எழுதியாக வேண்டும் என்றார். திட்டவில்லை. நான் வெளியே வந்தபோது அவர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். அழிப்பார் என்று நினைத்தேன். சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 8, செவ்வாய்

திட்டக் குழு முடிவு சொல்லிவிட்டது. என் பெயர் நீக்கம். சான்றிதழ் கிடையாது. ஞாயிறு வரை அறையில் இருக்கலாம். கல்லூரி முதல்வருக்குக் கடிதம் போகிறது. எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு வருடத்துக்கு விண்ணப்பம் ஏற்க மாட்டார்கள்.

குரியன் மேடம் இதை எதிர்த்து எழுதினாராம். அந்தப் பெண்ணுக்கு இந்த வருடமே ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டாராம். விண்ணப்பமே வராத ஒருவருக்கு விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

இரண்டு வருடம். அவளுக்கு இன்னும் ஒரு வருடம்தான் படிப்பு இருக்கிறது. அடுத்த கோடைக்கு அவள் விண்ணப்பித்திருக்கலாம். இதை நான் யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும் என்று மட்டும்தான் யோசித்தேன்.

ஜூலை 9, புதன்

அப்பாவிடம் வர வேண்டாம் என்று சொல்ல மூன்று தடவை போனை எடுத்தேன். டிக்கெட் எடுத்தாச்சு, புதுச் சட்டை தைக்கக் கொடுத்து வாங்கியாச்சு என்று அம்மா சொன்னாள்.

ஜூலை 11, வெள்ளி

எட்டு மணிக்கு கேட்டில் நின்றிருந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை. கையில் எனக்காக ஒரு டிபன் பாக்ஸ். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். வெண்ணிலாவை அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறாள். மலை வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

பட்டறையில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் கேட்கவில்லை. வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டிங் தழும்பு நிறைந்த கைகள்.

“அந்தப் புள்ளயோட அப்பன் இப்ப நடக்கறாரா?” என்றார்.

கம்பு ஊன்றி நடக்கிறார் என்றேன்.

பிறகு, கருத்தரங்கு எங்கே நடக்கிறது என்று கேட்டார். நான் பேசப்போவதில்லை அப்பா என்றேன். தெரியும், வந்ததுக்கு மத்தப் புள்ளைங்க பேசறதையாவது கேட்டுட்டுப் போலாம் என்று எழுந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மௌமிதா பேசினாள், இன்னும் நாலு பேர் பேசினார்கள். ஒரு வார்த்தை புரியாமல், முதுகை நிமிர்த்தி, ஒவ்வொருவர் முடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கிளம்பும்போது குரியன் மேடம் ஓடி வந்து ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். மேலே வெண்ணிலாவின் பெயர். தபாலில் போட்டிருக்கலாம், நீ கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சரி என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

நாமக்கல்லில் காலை முதல் பஸ். மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதியில் வாந்தி எடுத்தேன். செம்மேட்டில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தேன். இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள், அவள் ஊருக்கு இன்றுதான் முதல் தடவை வருகிறேன்.

பள்ளத்தில் நடவு நடந்துகொண்டிருந்தது. படிப்படியாக வயல்கள், அவள் எழுதியது போலவே. முழங்கால் சேற்றில் குனிந்திருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கையிலிருந்த நாற்றுக் கட்டை முடிக்கும்வரை வரவில்லை. நான் வரப்பில் நின்றேன். மழை தூறிக்கொண்டே இருந்தது.

வந்தாள். கால்வாயில் கை கழுவினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பிப்ரவரி பதினான்கிலிருந்து. குனிந்து காலின் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கல்லூரிக்கு இரண்டு வருடத் தடை என்பதைச் சொன்னபோது மட்டும் தலையைத் தூக்கினாள்.

“அப்போ அடுத்த வருசமும் உன்னாலதான் போச்சு.”

ஆமாம் என்றேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“பாறைக்கு ஏறும்போது காலு வழுக்கும் யமுனா. மழையில எத்தன நாளு ஏறுனேன். உனக்கு அங்க யாருமில்ல, கஷ்டப்படறியேன்னுதான் ஏறுனேன்.”

உறையைக் கொடுத்தேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். இரண்டு பக்கம், குரியன் மேடத்தின் நெருக்கமான கையெழுத்து, முழுக்க ஆங்கிலம். நடுவில் வயல்களின் கட்டம் ஒன்று வரைந்திருந்தது. தமிழ் பேச வந்தாலும் அவருக்கு எழுத வராது.

படிச்சுச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

“வேண்டாம். ஒரு மாசம் ஆனாலும் நானே படிச்சுக்கறேன்.”

வரப்பிலேயே உட்கார்ந்தாள். முதுகில் போட்டிருந்த சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துக் காகிதம் நனையாமல் பிடித்துக்கொண்டு, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். முதல் வரியில் தன் பெயரைப் படித்தாள். இரண்டாவது வரியில் ஒரு நீளமான சொல்லில் நின்றாள். மூன்று தடவை முயன்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் உதடு அசைந்திருக்க வேண்டும்.

தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“சொல்லாத.”

நான் சொல்லவில்லை. அவள் மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள்.